சைலென்சர்: காரின் குரலை மாற்றுவது

என்னுடைய 1.2 லிட்டர் பெட்ரோல் காரின் பின் சைலென்சரை அறுத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் நேர்க்குழாய் வைத்த முதல் வாரம் தெருவே திரும்பிப் பார்த்தது. இரண்டாவது வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போனேன். ஐந்தாவது கியரில் 80-ஐத் தொட்டதும் காருக்குள் ஒரு ரீங்காரம் கிளம்பியது. காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சில் வந்து அழுத்துகிற மாதிரியான ஓசை. காரமடை வருவதற்குள் அம்மா முந்தானையைக் காதில் வைத்துக்கொண்டு, "கண்ணு, தலையெல்லாம் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது, கொஞ்சம் ஓரமா நிறுத்து" என்றார். 70-க்கு இறக்கினால் ரீங்காரம் இல்லை, 95-க்கு ஏற்றினாலும் இல்லை. ஆனால் அந்தச் சாலையில் ஓட்டத் தோதான வேகம் 80தான்.

அந்த ரீங்காரத்தைப் பட்டறைகளில் 'ட்ரோன்' என்பார்கள். சைலென்சரில் கை வைத்தவர்களில் பெரும்பாலோர் அதைச் சந்தித்திருப்பார்கள். காரைச் சத்தம் போடவைக்க ஒரு ஹேக்சா பிளேடும் பத்து நிமிடமும் போதும். அதற்கு நல்ல குரல் வேண்டுமென்றால் எந்த ஓசையை விடுவது, எதை அடக்குவது என்று தெரிந்திருக்க வேண்டும். வாசலில் நிற்கிறவர் காதைப் பொத்தக் கூடாது, பின்சீட்டில் இருப்பவருக்குத் தலை வலிக்கக் கூடாது, ஓட்டுகிறவருக்கு மட்டும் இன்ஜின் பேசுவது கேட்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போவது அந்த வேலையைத்தான்.

ஓசை பிறக்கும் இடம்

எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிற கணத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் இன்னும் மிச்சமிருக்கும். அது குழாய்க்குள் ஒரு குத்துப்போலப் பாய்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்று முடிப்பதற்குள் இப்படி இரண்டு குத்து. மூன்று சிலிண்டரில் சராசரியாக ஒன்றரை. ஆகவே ஆர்.பி.எம்.மை நான்கு சிலிண்டருக்கு 30-ஆலும், மூன்று சிலிண்டருக்கு 40-ஆலும் வகுத்தால், அந்த நேரத்தில் குழாயிலிருந்து வரும் அடிநாதம் எத்தனை ஹெர்ட்ஸ் என்பது கிடைத்துவிடும். 3,000 ஆர்.பி.எம்.மில் நான்கு சிலிண்டருக்கு 100, மூன்று சிலிண்டருக்கு 75. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ட்ரோனைப் பிடிக்க இதுதான் உதவும்.

இந்த எண்ணை எந்தச் சைலென்சரும் மாற்றாது. மூன்று சிலிண்டர் வண்டி மூன்று சிலிண்டராகத்தான் பேசும். அமெரிக்க வி8 கார்களின் அந்தக் கடகடப்பு, இரண்டு பக்கச் சிலிண்டர்களும் சீரில்லாத இடைவெளியில் வெடிப்பதால் வருவது. அதை உங்கள் ஹேட்ச்பேக்கில் கொண்டுவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அடிநாதத்தின் மேல் ஏறி உட்காரும் மற்ற சுரங்களில் எது தூக்கலாகவும் எது அடங்கியும் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

இன்ஜினிலிருந்து கிளம்பும் புகை மேனிஃபோல்டு, கேட்டலிடிக் கன்வர்ட்டர், நெளியும் ஃபிளெக்ஸ் பைப், நடு சைலென்சர் எனப்படும் ரெசனேட்டர், பின் சைலென்சர், டெயில் பைப் என்ற வரிசையில் வெளியேறுகிறது. சில கார்களில் ரெசனேட்டர் ஒன்றுக்கு இரண்டாக இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. குரலுக்காக நாம் தொட வேண்டியது ஃபிளெக்ஸ் பைப்புக்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டுமே.

கேட்டலிடிக் கன்வர்ட்டரைத் தொடாதீர்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு இருக்கிறது. கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் அங்கேதான் வண்டி அடக்குகிறது. அதைக் குடைந்து வெறும் கூடாக்கித் தருகிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. பின்னாலிருக்கும் ஆக்சிஜன் சென்சார் சில நாளிலேயே அதைக் கண்டுபிடித்து இன்ஜின் விளக்கை எரியவிடும். விளக்கை ஏமாற்றவும் வழி சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் அந்தப் புகையைச் சுவாசிப்பது சிக்னலில் பின்னால் ஸ்கூட்டரில் நிற்கிற குடும்பம். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் பேசுவதில்லை.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டர்போவின் விசிறி அந்தக் குத்துகளில் பெரும்பங்கை முன்பே உறிஞ்சிவிடுகிறது. அதற்குப் பின்னால் புகைவடிகட்டி மிச்சத்தையும் அடக்குகிறது. டீசலில் நீங்கள் கேட்பது பெரும்பாலும் சிலிண்டருக்குள் நடக்கும் தட்டல். சைலென்சரை மாற்றி அதில் இனிமை வராது, செலவு வேண்டாம்.

சட்டம் எங்கே நிற்கிறது

இதைக் கடைசிக்குத் தள்ளிவிடாமல் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் அமலான திருத்தத்தின்படி, ஒலி, புகை அளவுகளை மீறி ஓட்டினால் 190(2) பிரிவின் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கூடவே ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்துக்குப் போகும். சட்டத்துக்கு மாறாக வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்று தனியே ஒரு பிரிவும் இருக்கிறது.

பயணிகள் காருக்கு இந்தியாவில் அனுமதித்த அளவு 74 டெசிபல். சோதனைத் தளத்தில் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்துக் கடக்கும்போது, 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் பதிவாகும் அளவு அது. புதிய காரே அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதனால் சாலையில் ஓடுகிற காரில் சத்தத்தைக் கூட்ட இடமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே சொல்லும் வேலைகள் எல்லாம் கம்பெனி அளவிலேயே சத்தத்தை நிறுத்திக் குரலை மட்டும் திருத்துவதற்கானவை. அப்போதும் கழற்றிய பழைய சைலென்சரை எடைக்குப் போடாமல் பரணில் வையுங்கள். எஃப்.சி.க்கோ, இன்சூரன்ஸ் ஆய்வுக்கோ, சோதனைக்கு நிறுத்தும் அதிகாரிக்கோ ஒரு மணி நேரத்தில் திரும்ப மாட்டிக் காட்டும்படி எல்லாமே போல்ட்டில் கழல வேண்டும். வாரன்டி பாக்கி இருக்கிற காரில் எதையும் தொடாமல் பொறுத்திருப்பது நல்லது.

முழுக் குரலில் கத்தவிட்டுக் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்குச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிறது, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் இருக்கிறது. அங்கே கேட்டால் அது இசைதான். நள்ளிரவில் ஆஸ்பத்திரி முன்னால் கேட்டால் அது கொடுமை.

மாற்றுவதற்கு முன்னால்

"என் வண்டி சத்தமே சரியில்லை" என்று வருகிற பத்து வருடக் கார்களில் பலவற்றுக்கு வேண்டியது பழுது நீக்கம். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மடித்த கனத்த துணியால் டெயில் பைப்பின் வாயைச் சில விநாடிகள் பாதி அடையுங்கள். உள்ளே எங்காவது ஓட்டை இருந்தால் அங்கே 'புஸ்புஸ்' என்று கேட்கும். ஃபிளாஞ்சு இணைப்புகளைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் கேஸ்கட் போய்விட்டது. முன் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவிருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் தப்பாகச் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிவிடும், மைலேஜ் இறங்கும். சைலென்சர் தொங்கும் ரப்பர்களையும் பாருங்கள். ஒரு ரப்பர் அறுந்தாலே குழாய் உடலில் தட்டி, அதைத்தான் நீங்கள் 'ட்ரோன்' என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

பின் சைலென்சருக்குள்

அறுத்தெடுத்த என் சைலென்சரை லேத் பட்டறை நண்பர் கட்டிங் வீலால் நெடுக்காகப் பிளந்து காட்டினார். உள்ளே தகடு வைத்து மூன்று அறைகளாகத் தடுத்திருந்தது. ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் குழாய்கள் எதுவும் நேருக்கு நேராக இல்லை. புகை முன்னால் போய், திரும்பி, மறுபடி முன்னால் போய்த்தான் வெளியேற முடியும். இப்படி முட்டித் திரும்பும் ஒலி அலைகளில் ஒன்றின் ஏற்றம் இன்னொன்றின் இறக்கத்தில் விழுந்து இரண்டும் அழிகின்றன. "இவ்வளவு யோசிச்சு வச்சதை நீங்க வீசச் சொன்னீங்களேண்ணா" என்று அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

இது அறை வகை. தாழ்ந்த ஓசைகளை நன்றாக அடக்கும். இன்னொன்று பஞ்சு வகை. நடுவில் துளையிட்ட நேர்க்குழாய், சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சோ பாறைப் பஞ்சோ அடைத்த உறை. புகை தடங்கலின்றிப் போகும், ஓசை துளை வழியே பஞ்சில் புகுந்து வெப்பமாகித் தேயும். கிரீச்சிடும் மேல்சுரங்களை இது அருமையாகக் குறைக்கும், ஆனால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. கடைகளில் பளபளக்கும் 'ஸ்போர்ட்ஸ் சைலென்சர்'களில் பெரும்பாலானவை இந்த வகைதான். போட்டவுடன் குரல் வழவழப்பாக இருக்கும், கூடவே ட்ரோனும் வந்து உட்காரும். மலிவானவற்றில் பஞ்சு ஓரிரு வருடத்தில் எரிந்து தூளாகிப் பறந்துவிடும். துளைக்குழாயை ஒட்டி முதலில் ஸ்டெயின்லெஸ் கம்பிப் பஞ்சு ஒரு சுற்று, அதன் மேல் பாறைப் பஞ்சு என்று அடைத்துத் தருகிறார்களா என்று கேளுங்கள். அடைப்பை மாற்ற மூடி கழலுமா என்பதையும் கேளுங்கள்.

கம்பெனியின் பின் சைலென்சரை அப்படியே வைத்துக்கொண்டு, நடு சைலென்சரின் இடத்தில் நீளமான பஞ்சு வகை ரெசனேட்டரை வைப்பதுதான் நான் கடைசியில் வந்து சேர்ந்த இடம். கரகரப்பு போய்விடும், அடிக்குரல் தெளியும், வெளியே சத்தம் கூடாது. உறை எவ்வளவு பெரிதாகவும் நீளமாகவும் இருக்கிறதோ அவ்வளவு அமைதி. கையடக்க டப்பாக்களை நம்பாதீர்கள்.

ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் 'படபட'வென்று வெடிக்கவைக்கும் வேலை சைலென்சருடையது அல்ல. கம்ப்யூட்டரில் திருத்தம் செய்து எரியாத பெட்ரோலைக் குழாய்க்குள் அனுப்பி வெடிக்கவைக்கிறார்கள். கன்வர்ட்டர் அந்தச் சூட்டில் உருகிப்போகும்.

குழாயின் அளவு

பெரிய குழாய் போட்டால் பவர் கூடும் என்பார்கள். இன்ஜினுக்குக் கொஞ்சம் எதிர் அழுத்தம் வேண்டும் என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டுமே பாதி உண்மை. எதிர் அழுத்தம் எந்த இன்ஜினுக்கும் நல்லதில்லை. ஆனால் புகை வேகமாக ஓட வேண்டும். வேகமாக ஓடும் ஒரு குத்து தனக்குப் பின்னால் அழுத்தத்தைக் குறைத்து, அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துக்கொடுக்கும். அளவுக்கு மீறிப் பெரிய குழாயில் அந்த ஓட்டம் தளர்ந்துபோய், நகரத்தில் இரண்டாவது கியரில் வண்டி சோம்பிப்போகும், குரலும் காலி டின்னில் பேசுவதுபோல் ஆகும். உங்கள் காரின் குழாயை வெர்னியரில் அளந்து, 5 மில்லிமீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். நூறு குதிரைசக்திக்குக் கீழே உள்ள காரில் கூட்டாமலே விட்டாலும் நஷ்டமில்லை.

ட்ரோனைப் பிடிப்பது

இனி அம்மாவின் தலைவலிக்கு வருவோம். காரின் உட்புறம் ஒரு மூடிய பெட்டி. அதற்கென்று சில சொந்த அலைவெண்கள் உண்டு. கோலி சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுரம் மட்டும் கணீரென்று எழுகிறதல்லவா, அதுபோல. இன்ஜினின் அடிநாதம் அந்த அலைவெண்ணைத் தொடும்போது பெட்டி முழுவதும் சேர்ந்து அதிரும். என் காரில் ஐந்தாவது கியரில் 80 கிலோமீட்டர் என்பது 2,400 ஆர்.பி.எம். 30-ஆல் வகுத்தால் 80 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரத்தை மட்டும் கொன்றால் போதும்.

அதற்கு வழி, முனை அடைத்த கிளைக்குழாய் ஒன்றைப் பிரதான குழாயோடு பற்றவைப்பது. 'ஜே பைப்' என்பார்கள். ஓசை கிளைக்குள் புகுந்து, மூடிய முனையில் மோதித் திரும்பி வரும்போது சரியாக அரை அலை பின்தங்கியிருந்தால், பிரதான குழாயில் வரும் அதே சுரத்தை எதிர்த்து அழித்துவிடும். அதற்குக் கிளையின் நீளம் அலைநீளத்தில் கால்பங்கு இருக்க வேண்டும். சூடான புகையில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 440 மீட்டர் ஓடுகிறது. அதை நான்கால் வகுத்தால் 110. ஆகவே 110-ஐ ட்ரோனின் ஹெர்ட்ஸால் வகுத்தால் நீளம் மீட்டரில் வந்துவிடும். எனக்கு வந்தது 1.37 மீட்டர்.

ஆனால் கிளைக்குள் புகை ஓடுவதில்லை, அங்கே சூடு குறைவு. சூடு குறைந்தால் ஒலியின் வேகமும் குறையும், தேவையான நீளமும் குறையும். அதனால் கணக்கில் வந்த நீளத்துக்கு வெட்டி, முனையைப் பற்றவைக்காமல் கிளாம்ப் போட்டு மூடி, ஓட்டிப் பார்த்து, மூன்று மூன்று சென்டிமீட்டராகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நானும் நண்பரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதைத்தான் செய்தோம். அவர் பின்சீட்டில், நான் ஸ்டீயரிங்கில். நான்காவது வெட்டுக்குப் பிறகு, 1.25 மீட்டரில், 80-ஐத் தாண்டும்போது அவர் என் தோளைத் தட்டி "எங்கண்ணா போச்சு அது?" என்றார். நின்றுபோன மின்விசிறியின் கீழே இருப்பதுபோல் ஒரு அமைதி.

கிளைக்குழாயும் பிரதான குழாயின் விட்டத்திலேயே இருக்கட்டும். நேராக வைக்க இடமிருக்காது. வளைத்துப் பிரதான குழாயை ஒட்டியே கொண்டுபோகலாம், நீளம்தான் முக்கியம். பின் சைலென்சருக்குக் கொஞ்சம் முன்னால் வையுங்கள். மூன்று சிலிண்டர் காரில் அதே 2,400 ஆர்.பி.எம். என்றால் 60 ஹெர்ட்ஸ், 1.8 மீட்டருக்கு மேல் கேட்கும். சின்னக் காரின் அடியில் அவ்வளவு இடம் தேடுவது கஷ்டம். அங்கே கம்பெனியின் அறை வகை சைலென்சரைத் தொடாமல் விடுவதே புத்திசாலித்தனம்.

பொருத்தும் நாள்

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, கையால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்த பிறகே படுக்க வேண்டும். இன்ஜின் முழுக்க ஆறியிருக்கட்டும். பழைய போல்ட்டுகளுக்கு முந்தின இரவே துருநீக்கி எண்ணெய் அடித்துவிடுங்கள். தொங்கும் ரப்பர்களைச் சோப்புத் தண்ணீர் தடவி வழுக்கிக் கழற்றினால் கிழியாது.

குழாயைக் காரிலேயே வைத்துப் பற்றவைக்க விடாதீர்கள், பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது. பொட்டு வைத்துக் குறி எடுத்ததும் கழற்றிக் கீழே வைத்து முழு வெல்டிங் செய்யட்டும். அந்தப் பொட்டு வைக்கும்போதும் பேட்டரி ஒயரைக் கழற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் கம்ப்யூட்டர் போகலாம். ஸ்டெயின்லெஸ் குழாய்க்கு ஆர்கான் வெல்டிங்தான் கேளுங்கள். எஸ்.எஸ். 304 துருப்பிடிக்காது, விலை கூடுதல். 409 மேலே பழுப்பேறினாலும் பல வருடம் உழைக்கும். சாதா இரும்பு கடலோர ஊர்களில் சீக்கிரம் கரைந்துவிடும்.

சூடேறினால் குழாய் நீளும். மூன்று மீட்டர் குழாய் 300 டிகிரி சூடேறும்போது சாதா இரும்பில் ஒரு சென்டிமீட்டர், 304-இல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை நீளும். குளிர்ந்திருக்கும்போது உடலைத் தொடாமல் இருப்பது போதாது, எல்லாப் பக்கமும் ஒரு விரற்கடைக்கு மேல் இடைவெளி வேண்டும். டெயில் பைப்பின் வாய் பம்பரின் விளிம்பைத் தாண்டி வெளியே நிற்க வேண்டும். உள்ளடங்கி நின்றால், ஓடும் காரின் பின்னால் சுழலும் காற்று புகையை டிக்கி இடுக்கு வழியே உள்ளே இழுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

புதுச் சைலென்சரின் அடிப்புறம், தாழ்ந்த இடத்தில், 3 மில்லிமீட்டர் துளை ஒன்று இருக்கிறதா பாருங்கள். பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது, காலையில் டெயில் பைப்பில் சொட்டுவது அதுதான். துளை இல்லையென்றால் அந்தத் தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். கடைக்காரர் ஓட்டை என்று நினைத்து அதை அடைத்துக் கொடுத்த சைலென்சர் ஒன்று, ஒரே மழைக்காலத்தில் என் கையில் பொத்துக்கொண்டது.

வேலைக்கு முன்னும் பின்னும் சத்தத்தை அளந்து எழுதி வையுங்கள். மொபைல் செயலி தரும் எண் துல்லியமில்லை; ஆனால் அதே மொபைல், அதே இடம், அதே ஆர்.பி.எம். என்றால் ஒப்பிடப் போதும். டெயில் பைப்பின் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி சாய்வில், வாய் இருக்கும் உயரத்திலேயே பிடித்து, 3,000 ஆர்.பி.எம்.மில் நிறுத்தி அளங்கள். 3 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் இரட்டிப்பு, 10 கூடினால் காதுக்கே இரண்டு மடங்காகத் தெரியும். முன்பைவிட 2-க்கு மேல் கூடியிருந்தால் ரெசனேட்டர் போதவில்லை, இன்னும் நீளமானது வாங்குங்கள். பிறகு காருக்குள் ஒருவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். ஓட்டுகிறவர் காதை நம்பாதீர்கள், ஆசைப்பட்டுச் செய்த வேலை அவருக்கு எப்போதும் இனிமையாகத்தான் கேட்கும். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஃபிளாஞ்சு போல்ட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி ஒரு முறை முறுக்கிவிடுங்கள். புது கேஸ்கட் சூட்டில் அமுங்கிக் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.